மோட்டைல்னா மொபைல் தானே? தயிர்ல ஆடுறது உயிரா வெறும் ஆட்டமா?

கேள்வி | 3 பிப்ரவரி 2024, காலை 10.15

பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறா, அவளுக்கு ஒரு சின்ன மைக்ரோஸ்கோப் வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே தயிரைத் தண்ணில கரைச்சு ஒரு சொட்டு வெச்சுப் பார்த்தோம், குச்சி குச்சியா உருண்டை உருண்டையா நிறைய, எல்லாம் துறுதுறுன்னு ஆடிக்கிட்டே இருக்கு. வீடியோ எடுத்து குடும்ப குரூப்ல போட்டா மச்சான் ஒருத்தர் "மோட்டைல் பாக்டீரியா, சூப்பர்"னு போட்டார். பொண்ணு கேக்குறா, மோட்டைல்னா மொபைல்தானே, ரெண்டுக்கும் தமிழ்ல இயக்கம்தானே, எதுக்கு ரெண்டு வார்த்தைன்னு. எனக்கும் அது நியாயமாத்தான் படுது. லேப்ல வேலை பார்த்தவங்க யாராவது சொல்லுங்க சார்.

3 பிப்ரவரி, இரவு 9.40

தம்பி, மைக்ரோபயாலஜி லேப்ல இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன். முதல்ல கெட்ட செய்தி, உங்க தயிர்ல ஆடுனது மோட்டைல் இல்ல. தயிரை உறைய வைக்கிற லாக்டோபேசில்லஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லாக்டோகாக்கஸ் இதுங்களுக்கு நீந்துறதுக்கு வாலே கிடையாது. உயிரோட இருக்கும், பாலைப் புளிக்க வைக்கும், ஆனா தானா ஒரு அடி எடுத்து வைக்காது. நீங்க பார்த்தது தண்ணி மூலக்கூறுங்க நாலாபக்கமும் இடிச்சுத் தள்ளுற ஆட்டம், அதுக்குப் பேரு பிரௌனியன் ஆட்டம்.

நம்ப மாட்டீங்க, அதனால நாளைக்கு ஒண்ணு பண்ணுங்க. காய்ச்சுன பால்ல ஒரு துளி எடுத்து நிறைய தண்ணில கரைச்சு அதே மாதிரி பாருங்க. குட்டி கொழுப்பு உருண்டைங்க எல்லாம் அதே துறுதுறுப்போட ஆடும். கொழுப்புக்கு உயிர் இருக்குன்னு உங்க மச்சான் சொல்ல மாட்டார்னு நம்புறேன்.

4 பிப்ரவரி, காலை 6.30

அர்த்தத்தைச் சொல்லாமலே தூங்கப் போயிட்டேன். மொபைல்னா நகரக்கூடியது, யார் நகர்த்தினாலும் சரி. மோட்டைல்னா தன் சொந்த சக்தியைச் செலவு பண்ணி தானா நகர்றது. பில்லு யார் கட்டுறாங்கங்கிறதுதான் வித்தியாசம்.

உங்க போனை எடுத்துக்கோங்க. பாக்கெட்ல போட்டுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறீங்க, அதனால அது மொபைல். ஆனா அது மேசை மேல கிடந்தா கிடந்த இடத்துலதான் கிடக்கும்.

4 பிப்ரவரி, காலை 7.10

வைப்ரேட்ல போட்டா நகருமேன்னு அதுக்குள்ள ஒருத்தர் கேட்டுட்டார். உண்மைதான். போன வருஷம் என் போன் அப்படித்தான் டீபாய் விளிம்பு வரைக்கும் ஊர்ந்து போய் கீழ விழுந்து டிஸ்பிளே போச்சு. பேட்டரியும் அதோடதுதான். யோசிச்சு சொல்றேன்.

4 பிப்ரவரி, இரவு 10.05

நானும் இதுல வழுக்கி விழுந்தவன்தான். படிக்கிறப்போ பிராக்டிகல்ல ஹேங்கிங் டிராப் கொடுத்தாங்க. நடுவுல குழி இருக்கிற ஸ்லைடு, குழியைச் சுத்தி வேசலின். கவர் ஸ்லிப் நடுவுல ஒரு லூப் அளவு துளி வெச்சு, அது மேல ஸ்லைடைக் கவுத்து லேசா அமுக்கி டக்குனு திருப்பணும், துளி குழிக்குள்ள தொங்கும். கண்டென்சரை (அடியில வெளிச்சத்தைக் குவிக்கிற லென்ஸை) இறக்கி, வெளிச்சத்தைக் குறைச்சு, முதல்ல 10 மடங்கு லென்ஸ்ல துளியோட விளிம்பைப் புடிச்சுட்டு அப்புறம் 40-க்குப் போகணும். நடுத்துளில தேடுனா ஒண்ணும் ஆப்டாது, விளிம்புலதான் கிருமிங்க காத்துக்காக வந்து மொய்க்கும்.

நான் பார்த்தேன், ஆடுச்சு, "மோட்டைல்"னு எழுதிக் கொடுத்துட்டேன். எனக்கு வந்த கிருமி கிளெப்சியெல்லா, நகராத ஜாதி. மேடம் நோட்டைப் பார்த்துட்டு, "பஸ் ஸ்டாண்டுல நெரிசல்ல நிக்கிறவன் எல்லாப் பக்கமும் இடிபட்டு ஆடுவான், அவன் ஊருக்குப் போறான்னு அர்த்தமாடா"ன்னு கேட்டாங்க. அதுக்கு மேல ஒரு விளக்கம் எனக்கு இன்னிக்கு வரைக்கும் கிடைக்கல.

அவங்க சொல்லிக் கொடுத்த கணக்கு இதுதான். நின்ன இடத்துலயே துள்ளுனா பிரௌனியன். எல்லாம் ஒரே பக்கமா மிதந்து போனா அது துளிக்குள்ள ஓடுற நீரோட்டம், வேசலின் சரியா ஒட்டல. ஒண்ணு இப்படியும் ஒண்ணு அப்படியும் போய், ஒண்ணையொண்ணு தாண்டி, பாதை மாறி, பார்வைல இருந்து ஓடி மறைஞ்சா மட்டும்தான் மோட்டைல்.

5 பிப்ரவரி, மதியம் 1.20

பிரௌனியன் ஆட்டத்துக்குப் பேர் கொடுத்த தாவரவியல்காரர் ராபர்ட் பிரௌன் கதையையும் சொல்லிடறேன். 1827-ல அவர் பார்த்தது மகரந்தம் இல்ல, மகரந்தத்துக்குள்ள இருந்து வர்ற நுண்ணிய துகள். ஆடுதே, உயிரோட சக்தியா இருக்குமோன்னு அவருக்கும் சந்தேகம். ஆனா நம்ம மச்சான் மாதிரி உடனே குரூப்ல போடல. கண்ணாடித்தூள், கல்லுத்தூள்னு உயிருக்கே சம்பந்தமில்லாததை எல்லாம் போட்டுப் பார்த்தார், எகிப்து ஸ்பிங்ஸ் சிலையோட கல்துண்டைக் கூட அரைச்சுப் போட்டார், அதுவும் ஆடுச்சு. ஏன் ஆடுதுன்னு கணக்கு போட 1905-ல ஐன்ஸ்டீன் வர வேண்டியிருந்தது. நான் கிளெப்சியெல்லா கூட ஒரு செத்த கிருமித் துளியையும் பக்கத்துல வெச்சுப் பார்த்திருந்தா அன்னிக்குத் தப்பிச்சிருப்பேன்.

5 பிப்ரவரி, இரவு 11.30

தமிழ் வார்த்தைக்கு வருவோம், தம்பி பொண்ணோட கேள்வி அதுதானே.

"இயக்கம்" பத்தாது. பள்ளிப் பாடத்துல இயக்கம் ஒண்ணு, இடப்பெயர்ச்சி ஒண்ணுன்னு பிரிச்சிருக்காங்க, அது மனுஷனுக்கும் மண்புழுவுக்கும் சரி. ஒரு செல்லோட நீச்சலுக்கு? "தன்னியக்கம்"னு ஒரு நண்பர் சொன்னார். அதை ஃபேக்டரி ஆட்டோமேஷன்காரங்க எடுத்துட்டாங்க. "தானியங்கி"ன்னா ஊருக்கே ஏடிஎம், அது சுவத்துல கான்கிரீட் போட்டு நிக்குது, தானா இயங்குது ஆனா ஒரு இஞ்ச் நகராது.

"அசைவு"? பத்திரப் பதிவுல அசையும் சொத்து, அசையாச் சொத்துன்னு இருக்கு. நகை, வண்டி, பீரோ எல்லாம் அசையும் சொத்து, எதுவும் தானா அசையாது. அந்த லிஸ்ட்ல மோட்டைல்னா ஆடு மாடு மட்டும்தான். ராத்திரி கட்டவிழ்த்துட்டுப் போனா தெரியும்.

இலக்கணத்துல தன்வினை பிறவினைன்னு படிச்சோமே, நகர்ந்தான் நகர்த்தினான், உருண்டான் உருட்டினான். இதுதான் சரியான சாவி. மோட்டைல் தன்வினை, மொபைல் பிறவினைக்கு ஆட்படுறது. தமிழனுக்கு இந்த வித்தியாசம் மூணாங்கிளாஸ்லயே தெரியும்.

6 பிப்ரவரி, காலை 5.50

நேத்து ராத்திரி ரொம்பப் பெருமையா எழுதிட்டேன், தூக்கம் வரல. "கல் உருண்டது" கூட தன்வினைதானே? "தேர் நகர்ந்துச்சு"ன்னுதான் சொல்றோம், வடம் புடிச்சு ஆயிரம் பேர் இழுக்குறாங்க, சக்கரத்துக்குக் கீழ முட்டுக்கட்டை போட்டுத் திருப்புறாங்க, ஆனா வாக்கியத்துல தேர்தான் எழுவாய், ஆள் ஒருத்தரும் இல்ல. இலக்கணம் யார் பில் கட்டுனான்னு கேக்கறதில்ல. சாவின்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். மூணாங்கிளாஸ்னு சொன்னதையும்.

6 பிப்ரவரி, இரவு 8.15

யாழ்ப்பாணத்துல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்கார், அங்க புத்தகத்துல கசையிழைக்கு (கிருமி நீந்துற நீள வால், ஃபிளாஜெல்லம்) சவுக்குமுளைன்னும் குறுயிழைக்கு (செல் மேல முடி மாதிரி இருக்கிற குட்டி இழை, சிலியா) பிசிர்னும் படிச்சாராம். பிசிர் அருமை, எனக்குப் புடிச்சிருக்கு, நான் இனிமே அதைத்தான் சொல்லப் போறேன்.

ஆனா கசையும் சவுக்கும் ரெண்டுமே பாக்டீரியாவுக்குப் பொருந்தாது. லத்தீன்ல சவுக்குன்னு பேர் வெச்சான், நாமளும் சவுக்கையே எடுத்துக்கிட்டோம். சவுக்கு அடிக்கும். பாக்டீரியாவோட இழை அடிக்காது, சுத்தும், கப்பலோட புரொப்பல்லர் மாதிரி. 1973 வரைக்கும் இது சரியாத் தெரியாது. அந்த வருஷம் ஹோவர்ட் பெர்க்கும் ஆண்டர்சனும் சுத்துதுன்னு வாதாடினாங்க, 1974-ல சில்வர்மேனும் சைமனும் ஒரு வேலை பண்ணாங்க, இழையைக் கண்ணாடில ஒட்டிட்டாங்க. இழை மாட்டிக்கிச்சு, அதனால கிருமியோட உடம்பே ராட்டினமா சுத்துச்சு. கயிறு மாட்டிக்கிட்ட பம்பரம் மாதிரி... இல்ல, உவமை சரி வரல, ஆணில மாட்டுன காத்தாடி மாதிரின்னு வெச்சுக்கோங்க.

ஈ.கோலைங்கிற குடல் பாக்டீரியா, இழையோட அடியில இருக்கிற மோட்டாரை ஒரு பக்கமா சுத்துனா இழையெல்லாம் ஒரு ஜடையா சேர்ந்து நேரா ஓடும், ஒரு செகண்டு மாதிரி. எதிர்ப்பக்கம் சுத்துனா ஜடை பிரிஞ்சு குட்டிக்கரணம், அப்புறம் புதுத் திசை. மோட்டார் வேகம் நிமிஷத்துக்கு நூறு சுத்துக்கு மேல.

7 பிப்ரவரி, காலை 9.00

திருத்தம். நிமிஷத்துக்கு நூறுன்னு அடிச்சுட்டேன், செகண்டுக்கு நூறுக்கு மேல. நிமிஷத்துக்கு நூறுன்னா வீட்டு சீலிங் ஃபேனே ஜெயிச்சிரும், அதுவே முன்னூத்தம்பது நானூறு சுத்துதே. கடல்தண்ணில இருக்கிற விப்ரியோ ஒண்ணு செகண்டுக்கு 1,700 சுத்து வரைக்கும் போகும், நிமிஷக் கணக்குல லட்சத்தைத் தாண்டும். ஈ.கோலை மோட்டார் ஹைட்ரஜன் அயனிங்க உள்ள பாயுற விசைல ஓடுது, கடல் ஜாதி சோடியத்துல ஓடுது. உப்புல ஓடுற மோட்டார்!

7 பிப்ரவரி, இரவு 10.40

போன் வைப்ரேட் கேள்விக்கு பதில் வந்துருச்சுன்னு நினைக்கிறேன், கொஞ்சம் சுத்தி வருது.

நம்மள மாதிரி பெரிய ஆளுங்களுக்கு ஓசிப் பயணம் உண்டு. சைக்கிள் பெடலை நிறுத்துனாலும் கொஞ்ச தூரம் ஓடும், ஆத்துல ஒரு உந்து உந்துனா வழுக்கிக்கிட்டே போகலாம். பாக்டீரியாவுக்கு அந்த சலுகை இல்ல. அதோட அளவுக்குத் தண்ணி நமக்குத் தேன்பாகுல இறங்குன மாதிரி. எட்வர்ட் பர்செல்னு இயற்பியல்காரர் 1977-ல கணக்கு போட்டுக் காட்டுனார், மோட்டாரை நிறுத்துனா ஈ.கோலை வழுக்கிப் போற தூரம் ஒரு அணுவோட அகலத்துல பத்துல ஒரு பங்குதான். நிறுத்துனா நின்னுச்சு, அவ்வளவுதான். அதனால அங்க ஒண்ணு ஓடிக்கிட்டிருக்குன்னா அந்த நொடிக்கான காசை அந்த நொடியே கட்டிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். பழைய வேகத்துல ஓடுது, யாரோ எப்பவோ தள்ளி விட்டதுல ஓடுதுங்கிற கதையே கிடையாது.

போனுக்கும் பேட்டரி தீர்ற வரைக்கும் அப்படித்தானேன்னா... ஆமா. சரி, வைப்ரேட்ல இருக்கிற போன் மோட்டைல். ஒத்துக்கறேன். என் டிஸ்பிளே காசை அதுகிட்டயே கேக்கணும்.

9 பிப்ரவரி, மாலை 4.30

ஒரு சகோதரர் தனியா எழுதினார், பேர் வேண்டாம், ஆனா பல பேருக்கு உதவும்னு அனுமதி வாங்கிட்டு இங்க போடறேன். கல்யாணமாகி மூணு வருஷம், விந்துப் பரிசோதனை பண்ணியிருக்காங்க. ரிப்போர்ட்ல "இம்மோட்டைல் 55 சதவீதம்". டோக்கன் போடுற இடத்துல இருந்த ஒருத்தர் அதைத் தமிழ்ல "55 செத்துப் போச்சு"ன்னு சொல்லிட்டார். மனுஷன் ரெண்டு நாள் சாப்பிடல.

இதுக்குத்தான் வார்த்தை முக்கியம்ங்கிறது. இம்மோட்டைல்னா நகரல, செத்ததுன்னு அர்த்தம் இல்ல. உயிர் இருக்கான்னு பார்க்க வேற டெஸ்ட் இருக்கு, இயோசின் சாயம் போடுவோம், செத்த செல்லோட தலை சாயத்தை உறிஞ்சி ரோஸ் கலராகும், உயிருள்ளது வெள்ளையாவே இருக்கும். நகராமலே வெள்ளையா நிக்கிறதை நான் எத்தனையோ தடவை எண்ணியிருக்கேன்.

ரெண்டாவது, 55 நகரலன்னா 45 நகருது. உலக சுகாதார நிறுவனத்தோட 2021 கையேட்டுல மொத்த நகர்வுக்குக் கீழ்மட்ட அளவு 42 சதவீதம், முன்னோக்கிப் போறது 30. மொத்த நகர்வுல அவர் கோட்டுக்கு மேலதான் இருக்கார்! மிச்சத்தை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நான் சொல்ல வந்தது அந்த மொழிபெயர்ப்பைப் பத்தி மட்டும்.

லேப்காரனா இன்னொண்ணு. சாம்பிளை வீட்ல எடுத்து, ஏசி கார்ல வெச்சு, டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் கழிச்சுக் கொண்டு வந்தா நகர்வு குறைஞ்சுதான் இருக்கும். அரை மணில இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள, உடம்புச் சூட்டுல பார்க்கணும். குளிர்ல யாருக்குத்தான் எந்திரிச்சு ஓடத் தோணும்.

9 பிப்ரவரி, இரவு 9.50

மேல சொன்னதுக்கு ஒரு வால். 1976-ல ஸ்வீடன்ல அப்சீலியஸ்னு ஒருத்தர், விந்தணு உயிரோட இருந்தும் துளிகூட நகராத சில ஆண்களைப் பார்த்தார். அவங்களுக்கு சின்ன வயசுல இருந்தே சளியும் சைனஸும் வேற. விந்தணு வாலும் மூச்சுக்குழல் பிசிரும் ஒரே டிசைன், உள்ள டைனீன்னு ஒரு மோட்டார் புரதம், அது இல்லன்னா ரெண்டும் வேலை நிறுத்தம். சில பேருக்கு இதயம் வலப்பக்கம் கூட இருக்கும், ஏன்னா கருவுல எது இடது எது வலதுன்னு முடிவு பண்றதுலயும் பிசிரோட சுழற்சிக்குப் பங்கு இருக்கு. சளியும் குழந்தையின்மையும் இடம் மாறுன இதயமும் ஒரே வார்த்தைல வந்து முட்டுது. இப்படிப்பட்டவங்களுக்கும் ஊசி வழியா விந்தணுவை முட்டைக்குள்ள செலுத்துற முறைல குழந்தை பிறந்திருக்கு. நகர முடியாததை நகர்த்தி விட்டாங்க, அதாவது மோட்டைல் இல்லாதது மொபைல் ஆச்சு.

11 பிப்ரவரி, காலை 8.20

"டாக்டர் எனக்கு கட் மோட்டிலிட்டி கம்மின்னார், குடல் எங்க போகுது?"ன்னு ஒரு கேள்வி. எங்கயும் போகல, நல்லவேளை. அங்க அந்த வார்த்தை குடல் தானா சுருங்கி விரியறதைச் சொல்லுது. வெறும் வயித்துல ஒன்றரை ரெண்டு மணிக்கு ஒரு தரம் ஒரு துடைப்ப அலை ஓடும், கூட்டத்துல மானத்தை வாங்குற கடமுட சத்தம் பெரும்பாலும் அதுதான்.

11 பிப்ரவரி, மதியம் 3.00

டைஃபாய்டு வந்தவங்க எல்லாரும் வைடால் ரிப்போர்ட் பார்த்திருப்பீங்க, டி.ஓ. இவ்வளவு, டி.எச். இவ்வளவுன்னு. அந்த எச் என்னன்னு யாராவது கேட்டீங்களா? ஜெர்மன்ல ஹௌக், மூச்சுன்னு அர்த்தம். புரோட்டியஸ்னு ஒரு கிருமி, கிருமி வளர்க்கிற பிளேட்ல ஒரு ஓரத்துல வெச்சா காலைல முழு பிளேட்டையும் வளையம் வளையமாப் படர்ந்து மூடியிருக்கும், கண்ணாடில மூச்சு ஊதுனா படியற ஆவி மாதிரி. அப்படிப் படர்றதுக்கு இழை வேணும், அதனால இழையோட ஆன்டிஜெனுக்கு (நம்ம உடம்பு அடையாளம் கண்டு எதிர்க்கிற பொருளுக்கு) எச். இழை இல்லாம படராம நிக்கிற ரகத்துக்கு "ஓனே ஹௌக்", மூச்சு இல்லாதது, அதான் ஓ. நூறு வருஷத்துக்கு மேலா நம்ம ரத்த ரிப்போர்ட்ல கிருமியோட நடமாட்டம் ஒரு ஜெர்மன் எழுத்தா உக்காந்துருக்கு.

புரோட்டியஸ் நாத்தத்தைப் பத்திக் கேக்காதீங்க. காலைல இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போதே தெரிஞ்சிரும், இன்னிக்கு மத்த கிருமி எல்லாத்தையும் அது முழுங்கிருச்சு, திரும்ப மெக்கான்கில (அதைப் படர விடாத மீடியம்) போடணும்னு.

14 பிப்ரவரி, இரவு 10.10

இப்ப பெரிய திருத்தம். மேல எங்கயும் நான் எழுதல, ஆனா முப்பது பேட்ச் பசங்களுக்கு சொல்லிக் கொடுத்திருக்கேன், ஷிகெல்லா நான்-மோட்டைல்னு. சீதபேதில வர்ற கிருமி. பெப்டோன் வாட்டர்ல நகராது, மேனிட்டால் மீடியத்துல குத்துன கோட்டை விட்டு வெளிய வராது, ரிப்போர்ட்ல நெகட்டிவ்னு எழுதுவோம். அதெல்லாம் சரி.

ஆனா அதே ஷிகெல்லா நம்ம குடல் செல்லுக்குள்ள போயிட்டா ஓடும். நம்ம செல்லோட ஆக்டினை (செல்லுக்குள்ள சாரம் கட்டுற புரதம்) புடிச்சு, தன் முதுகுப்பக்கம் ஒரு வால் கட்ட வெச்சு, ராக்கெட் மாதிரி உந்திக்கிட்டு அடுத்த செல்லுக்குள்ள பாயும். லிஸ்டீரியாங்கிற இன்னொரு கிருமியும் இதே வித்தைதான். லிஸ்டீரியா இன்னும் கூத்து, 25 டிகிரில வெளிய குட்டிக்கரணம் போடும், 37-ல வெச்சா இழையே வளர்க்காம சும்மா கிடக்கும், ஆனா உள்ள போயிட்டா அடுத்தவன் ஆக்டின்ல சவாரி.

அப்போ ஷிகெல்லா மோட்டைலா இல்லையா? சட்டம் என்னன்னு நாமளே எழுதினோம், சொந்தக் காசு. இது ஆக்டினும் நம்மது, எரிசக்தியும் நம்மது, ஸ்டியரிங் மட்டும் கிருமியோடது. கால் டாக்சி புக் பண்ணிட்டுக் காசு கொடுக்காம இறங்கி ஓடுற கேஸ். ஆராய்ச்சிக்காரங்க இதையும் மோட்டிலிட்டின்னுதான் எழுதுறாங்க. நான் யோசிச்சுப் பார்த்ததுல அவங்க சொல்றது சரின்னுதான் படுது, யார் காசுங்கிறதை விட யார் வண்டியைக் கிளப்புனாங்கங்கிறது முக்கியம் போல. பிப்ரவரி 4 காலைல எழுதுனதை இதோட சேர்த்துப் படிச்சுக்கோங்க.

15 பிப்ரவரி, காலை 7.45

லத்தீன் பேருங்களும் என் காலை வாருது. மீனோட செவுள்ல இருந்து எடுத்த ஒரு மைக்கோபிளாஸ்மா (செல்சுவர் இல்லாத குட்டி பாக்டீரியா), கண்ணாடில ஒட்டிக்கிட்டு வழுக்கி ஓடுறதுல கெட்டிக்காரன், அதுக்கு வெச்ச பேரு மைக்கோபிளாஸ்மா மொபைல்! கள்ளுல இருக்கிற சைமோமோனாஸ் பாக்டீரியாவுக்கும் பின்பேரு மொபிலிஸ். பேர் வெச்சவங்களே கண்டுக்கல, பொண்ணை மட்டும் ஏன் திட்டுறதுன்னு தோணுது.

18 பிப்ரவரி, மாலை 6.00

ஞாயித்துக்கிழமை, கோயில்ல ஓதுவார் சிவபுராணம் பாடுறார், "செல்லாஅ நின்ற இத்தாவர சங்கமத்துள்". எத்தனை வருஷமாக் கேக்குறேன், இன்னிக்குத்தான் உறைச்சுச்சு. தாவரம்னா நிக்கிறது, சங்கமம்னா நடமாடுறது. செடிகொடிக்கு நாம வெச்சிருக்கிற பேரே நான்-மோட்டைல்னுதான்!

செடியும் முழுசா நிக்கிறதில்ல. பாசி, பெரணியோட ஆண் செல் தண்ணில நீந்தித்தான் போகும். நாட்டு மருந்துக் கடைல மதனகாமப்பூன்னு விக்கிறாங்களே, அது சைக்கஸ் மரத்தோட ஆண் கூம்பு, அந்தக் குடும்பத்து விந்தணுவுக்கு ஆயிரக்கணக்குல இழை, வெறும் கண்ணுக்கே புள்ளியாத் தெரியற அளவு பெருசு. 1896-ல ஜப்பான்ல ஹிராசே ஜிங்கோ மரத்துலயும் இகேனோ சைக்கஸ்லயும் இதைக் கண்டுபுடிச்சாங்க. மரம் நிக்குது, அதோட விந்து நீந்துது. ஓதுவார்கிட்ட சொன்னேன், பிரசாதம் வாங்கிக்கிட்டுப் போங்கன்னார்.

19 பிப்ரவரி, இரவு 9.00

தம்பி, பொண்ணுக்கு நிஜமான மோட்டைல் காட்டணும்னா மிளகு ஊறப் போடச் சொல்லுங்க. நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர்ல துணி வியாபாரம் பண்ணிக்கிட்டிருந்த லீவன்ஹூக், மிளகு ஏன் காரமா இருக்குன்னு பார்க்கத் தண்ணில ஊறப் போட்டார், 1676-ல அந்தத் தண்ணிலதான் அவ்வளவு சின்ன உயிருங்க ஓடுறதைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். உயிர்னு அவருக்கு எப்படித் தெரியும்? ஓடுச்சு, அவ்வளவுதான் சாட்சி. 1880 நவம்பர் 6, அல்ஜீரியால பிரெஞ்சு ராணுவ டாக்டர் லாவெரான் மலேரியா ரத்தத்துல இழைங்க துடிக்கிறதைப் பார்த்துத்தான் இது உயிருள்ள கிருமின்னு அடிச்சுச் சொன்னார். அந்த இழைங்க ஒட்டுண்ணியோட ஆண் செல்லுன்னு பின்னாடி 1897-லதான் தெரிஞ்சுது.

முழு மிளகு பத்து, கிளாஸ்ல தண்ணி, மூடாம மெல்லிசாத் துணி கட்டி மூணு வாரம். சமையக்கட்டுல வேண்டாம். பார்த்துட்டு சோப்பு போட்டுக் கை கழுவணும்.

கேள்வி கேட்டவர் | 13 மார்ச், இரவு 8.35

சார், பால் துளி அன்னிக்கே பார்த்துட்டோம், ஆடுச்சு, மச்சான் குரூப்ல இருந்து வீடியோவை டெலீட் பண்ணச் சொல்லிட்டார். மிளகுத் தண்ணி இன்னிக்கு எடுத்தோம். வீட்டம்மா மூக்கைப் பொத்திக்கிட்டு மொட்டை மாடிக்கே அனுப்பிட்டாங்க. முதல்ல பெருசா ரெண்டு மூணு உருண்டுக்கிட்டுப் போச்சு, அப்புறம் விளிம்புல பார்த்தா குட்டி குட்டியா குறுக்கும் நெடுக்கும், ஒண்ணு நேரா வந்து நின்னு திரும்பி வேற பக்கம் ஓடிருச்சு. பொண்ணு நோட்டுல "நகர்வான்"னு எழுதி வெச்சிருக்கா. மோட்டைலுக்கு அவ வெச்ச பேராம்.

13 மார்ச், இரவு 8.50

ஊர்வன, பறப்பன, நகர்வன. அஃறிணைங்கிறதால கடைசில "வன" போடச் சொல்லுங்க, மத்தபடி நான் இருபத்தாறு வருஷமாத் தேடுன வார்த்தை அது.

13 மார்ச், இரவு 9.20

தேர் கூட நகர்வன தானேன்னு இப்பவே ஒருத்தர் கேக்குறார்.